வழிப்பறி வழக்கில் தண்டனை வந்தபின்: யார் மூலம் அப்பீல், எதைக் கேட்பது?

தீர்ப்பு வந்த அன்றே கோர்ட் வாசலில் ஆளுக்கொரு யோசனை வரும். ஜெயிலிலிருந்தே அப்பீல் போட்டுவிடலாம் என்பார் ஒருவர். எர்ணாகுளத்தில் பெரிய வக்கீலாகப் பிடி என்பார் இன்னொருவர். குற்றம் செய்யவில்லை என்ற பேச்சை விட்டுவிட்டுத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேள் என்பார் மூன்றாமவர். கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத் தமிழ்க் குடும்பங்கள், நெடுஞ்சாலையில் ஆயுதம் காட்டிப் பணம் பறித்த வழக்கில் பிள்ளைக்குத் தண்டனை விழுந்தால், இந்த மூன்று யோசனைகளுக்கு நடுவில்தான் திணறுகின்றன. மூன்றுமே யாரோ ஒருவருக்குச் சரியாக இருக்கும். ஆனால் நாலு பேர் ஒரே தீர்ப்பில் தண்டிக்கப்பட்டிருந்தால், நாலு பேருக்கும் ஒரே வழி பொருந்துவது அபூர்வம். எந்தப் பிரிவில் தண்டனை, அந்த ஆள் என்ன செய்தான் என்று தீர்ப்பு சொல்கிறது, இதுவரை எவ்வளவு நாள் உள்ளே கழிந்திருக்கிறது என்ற மூன்றையும் பார்த்தபிறகுதான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கோர்ட்டும் கெடுவும்

கோவை, பொள்ளாச்சி முகவரி உள்ளவர்கள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்பதுண்டு. முடியாது. ஆள் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை, தண்டித்த கோர்ட் எதன்கீழ் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். பாலக்காடு செஷன்ஸ் அல்லது அடிஷனல் செஷன்ஸ் கோர்ட் தண்டித்திருந்தால் எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள ஹைகோர்ட். ஆந்திரத்தின் சித்தூர், நகரி பக்கத்துத் தமிழர்களுக்கு அமராவதி ஹைகோர்ட். சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய வழக்குகள் சிலவற்றில் விசாரணை நடத்தியது உதவி செஷன்ஸ் நீதிபதியாக, அதாவது சப் கோர்ட்டாக இருக்கும். அந்தக் கோர்ட் ஏழு ஆண்டுக்கு மேல் தண்டித்திருந்தால்தான் ஹைகோர்ட். சரியாக ஏழு ஆண்டு என்றால் மாவட்டத்திலேயே செஷன்ஸ் கோர்ட்டில்தான் அப்பீல். வழிப்பறியில் கொலைக்கருவியைப் பயன்படுத்தியவருக்கான இந்திய தண்டனைச் சட்ட (ஐ.பி.சி.) 397வது பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை சரியாக ஏழு ஆண்டு என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ஹைகோர்ட்டுக்குக் கெடு 60 நாள், செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள். அறுபது நாள் இருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்தவருக்கு முப்பதாவது நாளிலேயே கெடு முடிந்திருக்கும். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம், ஆனால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

தீர்ப்பு நகலுக்கு மனு கொடுத்த நாளிலிருந்து நகல் தயாரான நாள்வரை ஆன காலம் கெடுவில் சேராது. சர்ட்டிபைடு காப்பியின் பின்பக்கம் இந்தத் தேதிகளை எழுதி முத்திரை வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தொலைக்காதீர்கள். நகல் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசம். அதோடு, முடிந்தவரை அவருடைய சொந்த மொழியில் மொழிபெயர்ப்பு கேட்கவும் சட்டம் இடம் தருகிறது (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 363, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 404). மலையாளம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த எல்லைப் பகுதியில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஜெயில் சூப்பரிண்டெண்ட் வழியாகவே எழுதிக் கேட்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பு வரட்டும் என்று அப்பீலைத் தள்ளிப்போட வேண்டாம்.

புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 1-7-2024க்கு முன் குற்றம் நடந்திருந்தால் தண்டனைப் பிரிவுகள் ஐ.பி.சி.யில்தான் இருக்கும். அந்தத் தேதிக்குப் பின் தாக்கலாகும் அப்பீலின் நடைமுறை புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்கீழ் வரும் என்று கேரள ஹைகோர்ட் 2024லேயே சொல்லிவிட்டது. அதனால் மனுவில் குற்றப் பிரிவு பழையதாகவும் நடைமுறைப் பிரிவு புதியதாகவும் இருப்பதைப் பார்த்து வக்கீல் தப்பாகப் போட்டுவிட்டார் என்று பதற வேண்டாம்.

ஜெயில் அப்பீலா, சட்ட உதவி வக்கீலா, சொந்த வக்கீலா

ஜெயில் அப்பீல் என்பது உள்ளே இருப்பவர் எழுதிய மனுவையும் தீர்ப்பு நகலையும் ஜெயில் அதிகாரியிடம் கொடுத்து, அவர் அதை அப்பீல் கோர்ட்டுக்கு அனுப்புவது. செலவில்லை. அறுபதாவது நாள் நெருங்கி, வெளியே யாரும் ஓடவில்லை என்றால் கெடுவைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இல்லை. இதன் குறை, அதில் ஆட்சேபங்கள், அதாவது தீர்ப்பு எங்கே தவறு என்று காட்டும் காரணங்கள், இருக்காது என்பதுதான். 'நான் நிரபராதி, குடும்பம் கஷ்டப்படுகிறது' என்ற இரண்டு வரியோடு போகும் மனுவை வைத்து யாரும் வாதாட முடியாது. ஆகவே ஜெயில் அப்பீலை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் வக்கீல் அதே அப்பீலில் வக்காலத்து போட்டு, கூடுதல் ஆட்சேபங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜெயிலிலிருந்து ஏற்கெனவே மனு போனதைச் சொல்லாமல் குடும்பம் தனியாக இன்னொரு அப்பீல் போட்டால், இரண்டும் வேறு வேறு எண்ணில் ஓடும். ஒன்று தள்ளுபடியானால் மற்றதைக் காப்பாற்ற வக்கீல் பாடுபட வேண்டிவரும்.

சட்ட உதவியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊன்றியிருக்கிறது, அது ஏழைச் சான்று உள்ளவருக்கு மட்டும் என்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12வது பிரிவுப்படி, காவலில் இருக்கும் எவரும் வருமானம் எதுவானாலும் இலவச வக்கீலுக்கு உரியவர். ஜெயிலுக்குள் இருக்கும் சட்ட உதவி மையம் வழியாகவோ, மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் வழியாகவோ எழுதிக் கொடுத்தால் ஹைகோர்ட்டின் சட்டப் பணிகள் குழு வக்கீலை நியமிக்கும். ஒதுக்கப்பட்ட வக்கீல் திறமையற்றவர் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது அநியாயம். குறை வருவது பெரும்பாலும் தொடர்பில்தான்: அவர் எர்ணாகுளத்தில், கட்சிக்காரர் விய்யூர் ஜெயிலில், குடும்பம் கொழிஞ்சாம்பாறையில். குடும்பம் விசாரணை வக்கீலிடமிருந்து சாட்சிகளின் வாக்குமூலம், குறுக்கு விசாரணைக் குறிப்பு, மகஜர்கள் (போலீஸ் எழுதிய பறிமுதல், சம்பவ இடக் குறிப்புகள்) எல்லாவற்றையும் வாங்கிக் கட்டாக அனுப்பிவைத்தால் அந்தக் குறை பாதி தீர்ந்துவிடும்.

சொந்த வக்கீல் வைப்பவர்கள் விசாரணை நடத்திய பாலக்காட்டு வக்கீலையே வைப்பதா, ஹைகோர்ட்டில் தினமும் நிற்பவரை வைப்பதா என்று குழம்புவார்கள். விசாரணையில் எந்தச் சாட்சி எங்கே தடுமாறினார் என்பது முன்னவருக்குத் தெரியும். ஆனால் விசாரணை வக்கீல் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் வாயாலேயே எடுத்துச் சொல்வது கடினம், அதைப் புதிய கண் பார்க்க வேண்டும். எங்கள் கருத்தில் ஹைகோர்ட் வக்கீலை நியமித்து, பழைய வக்கீலிடம் எழுத்துக் குறிப்பு வாங்கித் தருவதே நல்லது. பழையவரிடம் சண்டை போட்டுக் கட்டைப் பிடுங்கிவரும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைக்கே கெடுதல் செய்கின்றன. வக்காலத்தில் உள்ளே இருப்பவர் கையெழுத்திட்டு ஜெயில் அதிகாரி சான்று வைக்க வேண்டும் என்பதால் அதற்குச் சில நாள் ஒதுக்குங்கள்.

விடுதலை கேட்பதா, பிரிவைக் குறைப்பதா, தண்டனையை மட்டும் குறைப்பதா

முடிவு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. தீர்ப்பின் கடைசிப் பகுதியை எடுத்துவைத்துப் படியுங்கள். 'முதல் எதிரி முதல் நான்காம் எதிரி வரை 392, அதோடு சேர்த்துப் படிக்கப்படும் 397, 34 ஆகிய பிரிவுகளின்கீழ் குற்றவாளிகள்' என்று ஒரே வரியில் இருந்தால், அந்த வரியிலேயே அப்பீலின் வலுவான புள்ளி கிடக்கிறது.

392 என்பது வழிப்பறிக்கான பிரிவு, அதிகபட்சம் 10 ஆண்டு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை போகலாம். 397 தனிக் குற்றமல்ல. வழிப்பறியின்போது கொலைக்கருவியைப் பயன்படுத்தியவருக்கு, அல்லது கொடுங்காயம் விளைவித்தவருக்கு, ஏழு ஆண்டுக்குக் குறையக்கூடாது என்று வரம்பு போடும் பிரிவு. ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 309, 311. 1975இல் பூல் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இரண்டு பக்கமும் வெட்டும். கத்தியால் குத்தத் தேவையில்லை, எதிராளி பார்த்துப் பயப்படும்படி கையில் பிடித்திருந்தாலே பயன்படுத்தியதாகும் என்றது. அதே தீர்ப்பு, பயன்படுத்திய அந்த ஆளுக்கு மட்டுமே 397 பொருந்தும் என்றும் சொன்னது. ஆக, கூட்டுப் பொறுப்பைச் சொல்லும் 34ஐக் காட்டி, காரை ஓட்டியவனையும் பையைப் பறித்தவனையும் 397க்குள் இழுத்துப்போட முடியாது.

இதை வைத்து மூன்று கோரிக்கைகளையும் பாருங்கள். ஏழு ஆண்டு தண்டனை பெற்றவர், 397ஐத் தொடாமல் 'தண்டனையைக் குறையுங்கள்' என்று மட்டும் கேட்டால், கோர்ட் மனமிரங்கினாலும் குறைக்க வழியில்லை, ஏனென்றால் அதுதான் குறைந்தபட்சம். வயதான தாய், சின்னக் குழந்தை, முதல் குற்றம் எல்லாம் பயனற்றுப் போகும். பத்து ஆண்டு வாங்கியவர் அதே கோரிக்கையால் ஏழுவரை இறங்கலாம். கத்தி பிடிக்காதவர் 397ஐ நீக்கக் கேட்டு வென்றால் 392 மட்டும் மிஞ்சும், அதற்குக் குறைந்தபட்சம் கிடையாது. அதன்பிறகுதான் தாயும் குழந்தையும் வாதத்துக்கு வருவார்கள். எங்கள் பரிந்துரை: ஆட்சேபங்களில் முதலில் முழு விடுதலை, அது இல்லையென்றால் 397 நீக்கம், அதுவும் இல்லையென்றால் தண்டனைக் குறைப்பு என்று அடுக்கி எழுதுங்கள். தண்டனையை மட்டும் கேட்கிறேன் என்று வாய்மொழியாக விட்டுக்கொடுத்தால் குற்றத்தீர்ப்பின் மேல் வாதமே நடக்காது. வக்கீல் அப்படிச் செய்யப் போகிறாரா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. தண்டிக்கப்பட்டவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரசு தனியாக வர வேண்டும், அப்போதும் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான்.

முழு விடுதலைக்கு வலு எங்கே இருக்கிறது என்றால் பெரும்பாலும் அடையாளம் காட்டுவதில். இரவில், வண்டி வெளிச்சத்தில், முன்பின் தெரியாத முகங்களைச் சில நிமிடம் பார்த்த சாட்சி, கோர்ட்டில் கூண்டில் நிற்பவரைக் கைகாட்டுகிறார். அதற்கு முன் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடந்ததா? கைதான தேதி, ரிமாண்ட் தேதி, அணிவகுப்புத் தேதி, மலையாளப் பத்திரிகையில் படம் வந்த தேதி ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். அணிவகுப்புக்கு முன்னே முகம் காட்டப்பட்டிருந்தால் அதன் மதிப்பு சரிந்துவிடும். முதல் தகவல் அறிக்கையில் ஆளின் உயரமோ, உடையோ, மொழியோ எதுவும் சொல்லப்படாமல், பிறகு கோர்ட்டில் எல்லாம் நினைவுக்கு வந்திருந்தால் அதையும் குறியுங்கள்.

அடுத்தது தொண்டி, அதாவது கண்டெடுத்த பொருள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. ஆனால் அதன் விளைவாகப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும் (பழைய சாட்சியச் சட்டம் 27). 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச அப்பீல் மன்றம்) தீர்த்த குண்டூர் பக்கத்துப் புலுக்குரி கோட்டையா வழக்குதான் இன்றும் அளவுகோல். 'திருடிய பணத்தை மறைத்து வைத்திருக்கிறேன்' என்பதில் மறைத்து வைத்தது வரும், திருடியது வராது. எல்லை வழக்குகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தமிழில் பேசியவரின் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் எழுதியிருப்பார். அவர் சொன்ன அதே சொற்கள் மகஜரிலோ சாட்சியத்திலோ இருக்கின்றனவா, இன்ஸ்பெக்டர் தன் நடையில் சுருக்கிவிட்டாரா என்று பாருங்கள். இது மட்டும் வழக்கைச் சாய்க்காது, மற்ற பலவீனங்களோடு சேர்ந்தால் கனம் பெறும். பறிபோனது ரொக்கம் என்றால் நோட்டு எண்களைப் பெரும்பாலும் யாரும் குறித்திருக்க மாட்டார்கள். கண்டெடுத்த பணம் அந்தப் பணம்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பது நியாயமான ஆட்சேபம்.

அடையாளம் காட்டிய சாட்சியம் விழுந்து, பொருள் மட்டும் ஒருவரிடம் நின்றுவிட்டால் 411க்கு இறங்க வாய்ப்புண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வைத்திருந்ததற்கு அதிகபட்சம் 3 ஆண்டு. மூன்று ஆண்டு ஏற்கெனவே கழிந்தவருக்கு இது விடுதலைக்குச் சமம். ஆனால் சம்பவம் நடந்த சில நாளிலேயே பொருள் அவர் கையில் இருந்தால், அவரே பறித்தவர் என்று கோர்ட் ஊகிக்கவும் சட்டம் இடம் தருகிறது. கண்டெடுத்த தேதி சம்பவத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

சுங்கச்சாவடி சிசிடிவி, செல்போன் டவர் பதிவுகளுக்கு, அவை எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டன என்று சொல்லும் மின்னணுச் சான்றிதழ் இல்லை என்பதை ஹைகோர்ட்டில் முதல்முறையாக எழுப்பலாம் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். சான்றிதழ் அவசியம் என்று 2014லும் 2020லும் சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை. விசாரணையில் ஆட்சேபிக்காமல் விட்டதை அப்பீலில் எழுப்ப முடியாது என்று 2017இல் சொன்னதும் அதே கோர்ட்தான். இதையே முதல் ஆட்சேபமாக வைக்க வேண்டாம்.

தண்டனை நிறுத்தமா, விரைவு விசாரணையா

தண்டனை மூன்று ஆண்டுக்கு மேல் என்பதால் விசாரணைக் கோர்ட்டே ஜாமீன் தர முடியாது. அப்பீல் முடியும்வரை ஜாமீனில் வெளியே விடக் கேட்கும் தண்டனை நிறுத்த மனுவை அப்பீலோடு சேர்த்துப் போட வேண்டும் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 430). பத்து ஆண்டோ அதற்கு மேலோ விதிக்கக்கூடிய குற்றம் என்பதால் அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்பு தந்த பிறகே உத்தரவு வரும். போட்ட வாரமே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டுமே தண்டனை என்றால் தாராளமாக நிறுத்திவைக்கலாம், முடியாவிட்டால் அப்பீலைச் சீக்கிரம் கேட்க வேண்டும் என்று 1999இல் குஜராத் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் சொன்னது; தீர்ப்புத் தொகுப்பில் அதன் எண் (1999) 4 எஸ்சிசி 421. அதுவும் 392, 397 சேர்ந்த பத்து ஆண்டுத் தண்டனைதான் என்பதால் மனுவில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

நிறுத்தம் கிடைத்து வெளியே இருக்கும் காலம் தண்டனையில் கழியாது. ஏழு ஆண்டுத் தண்டனை, ரிமாண்டில் 14 மாதம், தீர்ப்புக்குப் பின் 8 மாதம் கழித்து நிறுத்தம் என்று வையுங்கள். கழிந்தது 22 மாதம், மிச்சம் 62 மாதம். நாலு ஆண்டு கழித்து அப்பீல் தள்ளுபடியானால் அதே 62 மாதத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அதற்குள் கல்யாணம், கடை, குழந்தை என்று வாழ்க்கை வேர்பிடித்திருக்கும். ஆனாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருப்பவர், நல்ல ஆட்சேபம் உள்ளவர், நிறுத்தத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். உள்ளேயே இருந்து பிறகு விடுதலையானால் போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுதான் மிச்சம் என்றால் நிறுத்தத்துக்கு அலைவதைவிட, அப்பீலைச் சீக்கிரம் கேட்கச் சொல்லும் விரைவு விசாரணை மனு மேல். முதல் மனு தள்ளுபடியானவர், பாதித் தண்டனை கழிந்ததைக் காட்டி மீண்டும் போடலாம்.

உத்தரவு வந்தும் ஆள் வெளியே வராத கொடுமை எல்லைக் குடும்பங்களுக்கே அதிகம். கேரளத்தில் ஜாமீன்தாரர் நிலவரி கட்டிய ரசீதைக் காட்ட வேண்டியிருக்கும். சொந்தமெல்லாம் கோவைப் பக்கம் என்றால் ரசீது எங்கே போவது? உத்தரவு வருமுன்பே இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அதை விதிக்காமல் இருக்கலாம் என்று 31-1-2023 உத்தரவில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். அபராதம் கட்டச் சொல்லியும் நிபந்தனை வரலாம். தீர்ப்பில் பல பிரிவுத் தண்டனைகள் ஏககாலத்தில் கழியும் என்ற வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் அதுவே ஓர் ஆட்சேபம்.

சேர்ந்து போடுவதா, தனியாகவா

ஒரே வக்கீல், ஒரே மனு என்றால் செலவு குறையும். சம்பவ இடத்திலேயே யாரும் இல்லை என்பது எல்லோருடைய வாதமாகவும் இருந்தால் சேர்ந்து போவதில் தப்பில்லை. கத்தி பிடித்தவனும் வண்டி ஓட்டியவனும் ஒரே வக்கீலிடம் போனால் கதை வேறு. 'கத்தி என் கட்சிக்காரர் கையில் இல்லை' என்று அவர் ஒருவருக்காகச் சொன்ன நிமிடமே இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கிறார். அதனால் இரண்டையும் சொல்லாமல் விட்டுவிடுவார், நட்டம் வண்டி ஓட்டியவனுக்கு. இவர்களுக்குத் தனி வக்கீல், தனி மனு.

395 கூட்டுக்கொள்ளை என்றால் தலையெண்ணுங்கள். ஐந்து பேராவது வேண்டும். பெயர் சொல்லப்பட்ட ஐவரில் இருவர் விடுதலையாகி, அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் இருந்தார்கள் என்று தீர்ப்பு சொல்லவில்லை என்றால், மிச்சம் மூவர்மேல் 395 நிற்காது.

பணம் பறிகொடுத்தவரிடம் சமாதானம் பேசலாமா என்பதும் வரும். வழிப்பறி சமரசத்துக்கு உரிய குற்றமல்ல. தண்டனைக்குப் பின் அவரைத் தேடிப் போவது, சாட்சியை மிரட்டினார்கள் என்று நிறுத்த மனுவை எதிர்க்க அரசுக்குக் காரணம் கொடுக்கும். போகாதீர்கள்.

சம்பவ நாளில் பதினெட்டு நிறைந்திருந்ததா என்று மட்டும் எல்லோருக்கும் பாருங்கள். விசாரணையில் சொல்லாமல் விட்டிருந்தாலும் எந்தக் கட்டத்திலும் இதை எழுப்பலாம் என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. பள்ளிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றோதான் முதல் ஆதாரம், அது இல்லாவிட்டால் ஊராட்சி அல்லது நகராட்சி பிறப்புச் சான்று, எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, கேரளத்தில் கைதாகி, ரிமாண்ட் தாளில் போலீஸ் போட்ட வயதே கடைசிவரை ஓடிய வழக்குகளில் இது உயிர்நாடி.

ஹைகோர்ட்டும் தள்ளுபடி செய்தால் சுப்ரீம் கோர்ட்டில் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள். மலையாளச் சாட்சியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும், வெளியே இருப்பவர் சரணடைந்த சான்றும் வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பே வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால், முக்கியச் சாட்சிகளின் வாக்குமூலத்தையாவது ஹைகோர்ட் வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைக்கப்பட்ட நாளிலேயே மொழிபெயர்க்கக் கொடுத்துவிடுங்கள்.